டோக்கியோவில் சைவ மாமியாரோடு ஆறு நாள்

கேள்வி: அக்டோபரில் குடும்பத்தோடு டோக்கியோ போகிறோம். ஆறு நாள். உயெனோ ஸ்டேஷன் பக்கத்தில் ஹோட்டல் போட்டிருக்கிறோம். நானும் கணவரும் ஒன்பது வயது மகனும் எல்லாம் சாப்பிடுவோம். மாமியாருக்கு 68 வயது. முட்டைகூடத் தொடாத சைவம், முழங்கால் வலியும் உண்டு. ரயில் மேப்பைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது, என்ன டிக்கெட் வாங்குவது?
– ஒரு வாசகி

பதில்: சாப்பாட்டையும் ரயிலையும் இரண்டு தனிக் கவலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குடும்பத்துக்கு டோக்கியோவில் இரண்டும் ஒன்றுதான். மறுநாள் மதியம் மாமியார் எங்கே சாப்பிடுவார் என்பதை முதல் நாள் இரவே முடிவு செய்யுங்கள். அந்தக் கடை எந்த ரயில் பாதையில் இருக்கிறதோ, அதை ஒட்டியே சுற்றிப் பார்க்கும் இடங்களை வைத்துக்கொள்ளுங்கள். "போன இடத்தில் பார்த்துக்கலாம்" என்று கிளம்பினால், மதியம் ஒன்றரை மணிக்குப் பசியோடு சுரங்கப் பாதைகளில் நடந்துகொண்டிருப்பீர்கள்.

காரணம் தாஷி. உலர்த்திய கட்சுவோ மீனைச் சீவல் சீவலாகச் சீவி, கொம்பு என்ற கடற்பாசியோடு சேர்த்து எடுக்கும் சாறு அது. ஜப்பானியச் சமையலில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமே இதுதான். மிசோ சூப், சோபா, உதோன் நூடுல்ஸுக்கான சாறு, வேகவைத்த காய்கறி, இனாரி சூஷியின் டோஃபு உறை எல்லாவற்றிலும் பெரும்பாலும் இது இருக்கும். கண்ணுக்கு ஒரு துண்டு மீனும் தெரியாது. வெஜிடபிள் டெம்புராவையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் இருப்பது கத்தரிக்காய், பூசணி, சர்க்கரைவள்ளி மட்டும்தான். ஆனால் மாவில் முட்டை, பொரித்த எண்ணெய் இறால் பொரித்த அதே எண்ணெய், தொட்டுக்கொள்ளும் சாற்றில் தாஷி. "காய்கறிதானே" என்று நம்பி வாங்கும் ஜப்பானியக் கறி சாதமும் அப்படித்தான். அதன் மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது சகஜம்.

ஆகவே கடையில் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. துண்டு இறைச்சியை எடுத்துவிட்டு அதே சாற்றில் கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டு தயார் செய்து, ஹோட்டல் வரவேற்பில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை, மீன் தாஷி ஆகியவற்றைச் சாப்பிட மாட்டார், பால் சாப்பிடுவார் என்று பெயர் பெயராக இருக்கட்டும். "செய்ய முடியாவிட்டால் பரவாயில்லை, வேறு கடைக்குப் போகிறோம்" என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல அங்கே பலரும் தயங்குவார்கள். இந்த வரி அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவிடும். சாறு முன்கூட்டியே காய்ச்சி வைத்ததாக இருக்கும் என்பதால், தாஷி இல்லாமல் தனியாகச் செய்து தரச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை.

நீங்கள் உயெனோவில் தங்குவது பெரிய அனுகூலம். அடுத்த ஸ்டேஷனான ஒகாச்சிமாச்சி நடந்தே போகும் தூரம். நகை வியாபாரம் செய்யும் இந்தியர்கள் இருக்கும் வட்டாரம் என்பதால் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு; தோசை கிடைக்கும் 'வெஜ் ஹெர்ப் சாகா' சைவக் கடை. டோக்கியோ ஸ்டேஷனில் டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே, கேயோ ஸ்ட்ரீட்டில் 'டீஸ் தன்தன்' என்ற கடை இருக்கிறது. அங்கே ராமென் என்ற நூடுல்ஸ் சூப்கூட முழுக்கத் தாவர உணவு, மகனுக்கும் பிடிக்கும். நகரின் நடுப்பகுதியை வட்டமாகச் சுற்றும் யமனோதே ரயிலில், டோக்கியோ ஸ்டேஷன் உயெனோவிலிருந்து நான்காவது ஸ்டேஷன். இறங்கியதும் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிடாமல், சாப்பிட்டுவிட்டு வெளியேறுங்கள். எந்தக் கடையானாலும் வார விடுமுறை, மதிய நேரம் இரண்டையும் அன்று காலை கூகுள் மேப்பில் பாருங்கள். பல கடைகள் மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடி மாலையில்தான் திறக்கும். கடைசி ஆர்டர் அதற்கும் அரை மணி முன்னதாகவே முடிந்துவிடும்.

காலைக்கும் அவசரத்துக்கும் கன்வீனியன்ஸ் ஸ்டோர் கைகொடுக்கும். லேபிளைப் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் படியுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. முட்டை, பால், இறால், நண்டு போன்றவற்றை அலர்ஜிப் பட்டியலில் கட்டாயம் போட வேண்டும். கட்சுவோ மீனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே அலர்ஜிக் கட்டத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் சேர்மானப் பட்டியல் முழுவதையும் படியுங்கள். ஊறுகாய்ப் பிளம் வைத்த ஒனிகிரி என்ற சாத உருண்டையிலும் மீன் சாறு சேர்ப்பதுண்டு. வெறும் வெள்ளைச் சாதம் பாக்கெட்டில் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். ஊரிலிருந்து பருப்புப் பொடி எடுத்துப் போனால் ஒரு வேளைக் கவலை தீர்ந்தது. பழம், பச்சைக் காய்கறி எடுத்துப் போகாதீர்கள். விமான நிலையத் தாவரப் பரிசோதனையில் நின்றுவிடும். பழத்துக்கு உயெனோ பக்கத்து அமேயோகோ சந்தையே போதும்.

இனி ரயில். பெரியவர்கள் மூவருக்கும் ஆளுக்கொரு வெல்கம் சுய்க்கா கார்டு (பணம் ஏற்றிக் கேட்டில் தட்டி நுழையும் பயணிகள் கார்டு) வாங்குங்கள். ஒரே கார்டை இரண்டு பேர் தட்டி நுழைய முடியாது. டெபாசிட் கிடையாது, 28 நாள் செல்லும். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே), மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் இதுவே. மகனுக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டிக் குழந்தைக் கார்டு, பாதிக் கட்டணம். கேட்டில் தட்டும்போது குஞ்சு கத்துவதுபோல் 'பியோ பியோ' என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். பேலன்ஸ் குறைந்தால் வெளியேறும் கேட் மூடிக்கொள்ளும். பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டு, பக்கத்தில் இருக்கும் கட்டணச் சரிக்கட்டும் இயந்திரத்தில் பணம் போட்டு வாருங்கள்.

24, 48, 72 மணி நேர சப்வே டிக்கெட் எல்லா நாளும் லாபம் இல்லை. அது டோக்கியோ மெட்ரோ, தோயே என்ற இரண்டு சப்வே நிறுவனங்களின் பாதைகளுக்கு மட்டும். யமனோதே போன்ற ஜேஆர் ரயிலுக்குச் செல்லாது. ஒரே நாளில் ஐந்து தடவைக்கு மேல் சப்வே ஏறினால் மட்டும் வாங்குங்கள். முதலில் தட்டிய நேரத்திலிருந்துதான் மணிக்கணக்கு தொடங்கும்.

முழு மேப்பை மனப்பாடம் செய்ய வேண்டாம். பாதையின் எழுத்தையும் ஸ்டேஷன் எண்ணையும் பாருங்கள். கின்சா பாதையில் உயெனோ ஜி16, அசகுசா ஜி19. எண் ஏறுகிறதா என்று பார்த்தாலே சரியான திசைதான் என்று தெரிந்துவிடும். உயெனோவில் யமனோதேவுக்கு இணையாக ஓடும் கேய்ஹின் தொஹோகு ரயில், பகலில் ரேப்பிட் (விரைவு ரயில்) ஆகிச் சில ஸ்டேஷன்களில் நிற்காது. பச்சைக் கோடு போட்ட யமனோதேவில் ஏறினால் குழப்பமே இல்லை.

மாமியாரின் முழங்காலுக்கு ரயிலைவிடச் சோதனை ஸ்டேஷன்தான். ஷின்ஜுகுவில் 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். தப்பான வாசலில் ஏறிவிட்டால் கால் மணி நடை வீண். கிளம்பும் முன் வாசல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேப்பில் சக்கர நாற்காலி வசதியைத் தேர்ந்தெடுத்தால் லிஃப்ட் உள்ள வழியைக் காட்டும். எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்குமிடத்தில் லிஃப்ட் பக்கம் என்று பிளாட்பாரப் பலகைகளிலும் இருக்கும். வேலை நாளில் காலை ஒன்பதரைக்கு முன் ரயில் ஏறாதீர்கள்.

அசகுசாவிலிருந்து உயெனோ போன்ற குட்டித் தூரத்துக்கு நாலு பேரும் டாக்ஸியில் போய்விடுங்கள். 2022-ல் முதல் 1.096 கிலோமீட்டருக்கு 500 யென் என்று மாற்றினார்கள். பின்கதவை டிரைவரே திறந்து மூடுவார், கை வைக்க வேண்டாம். இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை கட்டணம் 20 சதவீதம் கூடும். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி முடிந்துவிடும்.

நீங்கள் மூவரும் சாப்பிடும் சின்ன ராமென் கடைகளில் வாசலிலேயே டிக்கெட் இயந்திரம் இருக்கும். பணம் போட்டு, படத்தை அமுக்கி, வரும் சீட்டைக் கொடுக்க வேண்டும். பல இயந்திரங்கள் 1,000 யென் நோட்டு மட்டும் வாங்கும். பழையவை 2024 ஜூலையில் வந்த புது நோட்டை ஏற்காமலும் போகலாம். இரண்டு விதமும் பர்ஸில் இருக்கட்டும். இத்தகைய கடைகளில் ஆளுக்கு ஒன்று வாங்கவேண்டும் என்பது வழக்கம். மாமியாரைச் சும்மா உட்கார வைக்க முடியாது. அவருக்கு முதலில் சாப்பாடு முடித்து ஹோட்டலில் ஓய்வெடுக்க விட்டு, நீங்கள் போய்வாருங்கள். இசகாயா மதுக்கடைகளில் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் தொடுகறி வைத்து ஆளுக்குச் சில நூறு யென் போடுவார்கள். அது வழக்கம், ஏமாற்று இல்லை. டிப்ஸ் எங்கேயும் வேண்டாம்.

பணம் எடுக்க செவன் இலெவன் கடை ஏடிஎம்கள் வெளிநாட்டு கார்டை ஏற்கும். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள். வெல்கம் சுய்க்காவில் மிஞ்சும் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். தடவைக்கு 2,000 யெனுக்கு மேல் ஏற்றாமல், மீதியைக் கடைசி நாள் விமான நிலையக் கடையில் மகனுக்குத் தின்பண்டம் வாங்கித் தீர்த்துவிடுங்கள்.