திறமூல லைப்ரரியைச் சேர்க்கும் முன் மெமரி, த்ரெட் பாதுகாப்பை எப்படிச் சோதிப்பது?

குளச்சல் விசைப்படகுகளின் ஜிபிஎஸ் தரவைப் படிக்க ஒரு திறமூல சி லைப்ரரியைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் இதே வேலை பார்க்கிறேன். கிட்ஹப் தளத்தில் அதற்கு எத்தனை பேர் ஸ்டார் கொடுத்தார்கள் என்பதை விடுங்கள், வெளியிலிருந்து தரவு நுழையும் இடத்தை முதலில் படியுங்கள்.

ஜிபிஎஸ் கருவி அனுப்பும் வரி காற்புள்ளிகளால் பிரிந்திருக்கும். அதை உடைக்க எங்கள் லைப்ரரியில் ஸ்ட்ர்டோக் (strtok) என்ற சி ஃபங்ஷன் இருந்தது. லினக்ஸில் அது, தான் நின்ற இடத்தை எல்லா அழைப்புக்கும் பொதுவான ஒரே பாயின்டரில் (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி) வைத்துக்கொள்ளும். இரண்டு த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் அழைத்தால் ஒரு படகின் வரி இன்னொன்றோடு கலந்துவிடும். அதோடு, சிக்னல் இல்லாதபோது வரும் வெற்றுப் புலங்களையும் தாண்டிப் போகும். அட்சரேகை இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்காரும். அதன் த்ரெட்-பாதுகாப்பான வடிவமான ஸ்ட்ர்டோக்_ஆர் (strtok_r) முதல் சிக்கலை மட்டுமே தீர்க்கும். 2017 ஒக்கிப் புயலைப் பார்த்த நமக்குப் படகின் இடம் வெறும் எண் அல்ல.

அப்புறம் மெம்காப்பி (memcpy), அதாவது சொன்ன நீளத்துக்கு மெமரியை நகலெடுக்கும் ஃபங்ஷன். நீளத்தை யார் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு அழைப்பிலும் பாருங்கள். எதிர்முனை சொன்ன நீளத்தை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி சரிபார்க்காமல் நம்பியதுதான் 2014-இல் வெளியான ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை.

பிறகு நிரல் ஓடும்போதே மெமரிப் பிழையைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர், த்ரெட் மோதலைப் பிடிக்கும் த்ரெட் சானிடைசர் இரண்டையும் தனித்தனி பில்டில் ஓட்டுங்கள், ஒன்றாகச் சேராது. பின்னது வேகத்தை 5 முதல் 15 மடங்கு குறைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். லைப்ரரியையும் அதே சானிடைசர் ஃபிளாகோடு (கம்பைலருக்குக் கொடுக்கும் தேர்வு) கம்பைல் செய்யுங்கள். ஓடிய பாதையில் உள்ள பிழையைத்தான் இவை காட்டும். அதனால் பாதியில் அறுந்த வரி, வெற்றுப் புலம், அளவுக்கு மீறிய வரி எல்லாவற்றையும் கொடுத்துப் பாருங்கள்.