கேளுங்க அண்ணே: ஒரே கேபிள்ல ஸ்டோரேஜும் சிசிடிவியும்

கேள்வி: வணக்கம்ண்ணே, சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனை மில்லுல ஐடி வேல பாக்குறேன், ஐடின்னா நான் ஒரு ஆளுதான். கேஎல்-ல யாரோ கழிச்சுப் போட்ட சிஸ்கோ நெக்சஸ் 5548 சுவிட்சையும் சிஎன்ஏ கார்டு (நெட்வொர்க், ஸ்டோரேஜ் ரெண்டையும் ஒரே கார்டுல பேசுறது) போட்ட ரெண்டு சர்வரையும் பாஸ் மலிவா வாங்கிட்டு வந்துட்டாரு. ஃபைபர் சேனல் (ஸ்டோரேஜுக்குன்னே உள்ள நெட்வொர்க்) ஸ்டோரேஜ் ஏற்கனவே இருக்கு. ஸ்டோரேஜ், லோரி எடை கணக்கு, சிசிடிவி எல்லாம் சர்வருக்கு ஒரே கேபிள்ல போகணுமாம். ஃபைபர் சேனல ஈதர்நெட் கேபிள்லயே அனுப்புற எஃப்சிஓஇ போட்டுட்டேன், போர்ட் பச்சையா எரியுது, ஆனா விஎஃப்சி (எஃப்சிஓஇக்கு சுவிட்ச்ல உருவாக்குற மெய்நிகர் ஃபைபர் சேனல் போர்ட்) மட்டும் எழும்ப மாட்டேங்குது லா.
- மில் வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, பச்சை லைட்ட நம்பாதீங்க, அது ஈதர்நெட் நல்லாருக்குன்னு மட்டும்தான் சொல்லும். முதல்ல க்யூஓஎஸ் பாருங்க, எந்த டிராஃபிக்க எப்படி நடத்தணும்ங்கிற செட்டிங் அது. 5500 மாடல்ல எஃப்சிஓஇ ஃபீச்சர ஆன் பண்ணிட்டா மட்டும் பத்தாம போகலாம், எஃப்சிஓஇக்குன்னு உள்ளயே இருக்குற டிஃபால்ட் பாலிசிங்க சிஸ்டம் க்யூஓஎஸ்ல சேந்திருக்கான்னு பாருங்க, இல்லன்னா நாமதான் கொண்டுபோய் சேக்கணும், முக்காவாசி பேரு இங்கதான் கோட்ட விடுறாங்க. அது இல்லன்னா பிஎஃப்சி (ஒரு வகை டிராஃபிக்க மட்டும் நிறுத்தி வைக்கிற வசதி) வேல செய்யாது, விஎஃப்சியும் படுத்தே கெடக்கும்.

ஃபைபர் சேனலுக்கு ஃப்ரேம் தொலையிறது ஆகவே ஆகாது, ஆனா ஈதர்நெட்டு நெரிசல் வந்தா கூசாம கீழ போட்டுரும். அதனாலதான் பிஎஃப்சி. உங்க மில் வாசல்ல ஜாகா குலை லோரிய மட்டும் கைய காட்டி நிறுத்திட்டு மேனேஜர் காடிய உள்ள விடுவாரே, அப்படி சிஓஎஸ் 3ங்கிற முன்னுரிமை நம்பர்ல வர்ற ஸ்டோரேஜ மட்டும் கொஞ்சம் நில்லுன்னு சொல்லும், மத்த டிராஃபிக் அது பாட்டுக்கு ஓடும். பழைய 802.3எக்ஸ் நிறுத்துற முறை (pause) இருக்கு பாருங்க, அது கேபிள் மொத்தத்தையும் நிறுத்திரும், அதோட இதப் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஷோ இன்டர்ஃபேஸ் ப்ரையாரிட்டி ஃப்ளோ கன்ட்ரோல்னு அடிங்க, அந்த போர்ட்டு நேரா ஆன், பக்கத்துல பிராக்கெட்ல 8னு இருக்கணும், 0லருந்து எண்ணுனா 8ன்னா மூணாவது பிட், அதுதான் சிஓஎஸ் 3. ஆஃப்னு இருந்தா ஒண்ணு பாலிசி சேரல, இல்ல கார்டு டிசிபிஎக்ஸ் (சுவிட்சும் கார்டும் இந்த செட்டிங்க பேசி ஒத்துக்குற முறை) பேசல.

அது சரியா இருந்தா விலேன் (ஒரே கேபிள்ல பிரிச்ச தனித்தனி நெட்வொர்க்) பக்கம் போங்க. எஃப்சிஓஇக்குன்னு தனி விலேன், 1 வேணாம், அத விசானோட (ஃபைபர் சேனல் பக்கத்துல விலேன் மாதிரி) கட்டிருக்கணும், விஎஃப்சியும் அதே விசான்ல இருக்கணும். போர்ட் ட்ரங்க்கா (பல விலேன் போறதா) இருக்கணும், லூப் தடுக்கிற ஸ்பானிங் ட்ரீல எட்ஜ் ட்ரங்க். பாதுகாப்புன்னு நெனச்சு நேட்டிவ் விலேன (டேக் இல்லாத டிராஃபிக் போறது) ட்ரங்க்ல இருந்து தூக்கிட்டீங்களா? எந்த விலேன்ல வர்றதுன்னு கார்டு எஃப்ஐபி (எஃப்சிஓஇ ஆரம்பத்துல விசாரிக்கிற முறை) மூலமா கேக்குறதே அந்த நேட்டிவ் விலேன்லதான், அத மூடிட்டா கார்டு வாசலத் தேடிக்கிட்டே நிக்கும்.

விஎஃப்சி எழும்புனதும் ஷோ ஃப்ளோகி டேட்டாபேஸ் பாருங்க, சர்வர் லாகின் ஆயிருந்தும் டிஸ்க் தெரியலன்னா கோளாறு ஸோனிங்ல (யாரு யாரோட பேசலாம்ங்கிற பட்டியல்), இல்லன்னா ஸ்டோரேஜ்ல மேப்பிங்ல (எந்த டிஸ்க் எந்த சர்வருக்குன்னு). சிசிடிவி அடி வாங்குமான்னு பாஸ் கேட்டா, அந்த டிஃபால்ட் பாலிசில ஸ்டோரேஜுக்கு 50 சதவீதம் மத்ததுக்கு 50 சதவீதம், அதுவும் நெரிசல்லதான், ஒருத்தர் சும்மா இருந்தா மத்தவரு எடுத்துக்கலாம்னு சொல்லுங்க. ஆனா ஒண்ணு, ஸ்டோரேஜ் மட்டும் ஃபைபர் சேனலா இல்லாம இருந்திருந்தா உங்க அளவுக்கு, சாதா நெட்வொர்க்லயே ஸ்டோரேஜ் ஓட்டுற ஐஸ்கஸியே போதும்னுதான் சொல்லிருப்பேன், ஒத்த ஆளா இதக் கட்டி மேய்க்கிறது லேசு இல்ல.

கேள்வி: ஐஸ்கஸிக்கு சர்வர்லயும் ஸ்டோரேஜ்லயும் எம்டியு (ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா போகலாம்) 9000 வெச்சேன், பிங் போகுது, பெரிய ஃபைல் காப்பி பண்ணா தொங்குது.
- வாசகர், தாப்பா

பதில்: நடுவுல சுவிட்ச் இன்னும் 1500லயே நிக்குது. அத 9216க்கு மாத்துங்க. அப்புறம் பாக்கெட்ட உடைக்காதேன்னு சொல்லி 8972 பைட்ல பிங் அடிங்க, மிச்சம் 28 ஐபி, ஐசிஎம்பி ஹெட்டருக்குப் போயிரும், சாதா பிங் சின்னதுங்கிறதால எப்பவும் போய்க்கிட்டேதான் இருக்கும். ரெண்டு கேபிள் இருந்தா ரெண்டு சப்நெட் போட்டு எம்பிஐஓ (ரெண்டு வழியாவும் ஸ்டோரேஜுக்குப் போற முறை) போடுங்க, ரெண்டையும் ஒரே லிங்க்கா (LAG) கட்டாதீங்க.