சென்னையில் தண்ணீர் இல்லை என்று யார் சொன்னது?

கேள்வி: வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறோம். தண்ணீர்ப் பஞ்சம், தாங்க முடியாத வெயில், ஆட்டோக்காரர்கள் அடாவடி என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அங்கே குடித்தனம் செய்ய முடியுமா?

ஒரு கோடிப் பேர் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

பயமுறுத்தியவர்கள் 2019 ஜூனில் டிவியில் வெடித்துக் கிடந்த ஏரியைப் பார்த்தவர்களாக இருப்பார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் தண்ணீர் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் இதே ஊர் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கியதை அதே டிவியில்தான் பார்த்தார்கள். தண்ணீர் இல்லாத ஊர் எப்படி ஐயா மூழ்கும்?

இங்கே வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. லண்டனுக்கே 600 சொச்சம்தான். பெங்களூருக்கு ஆயிரத்தை ஒட்டி. சிக்கல் என்னவென்றால், எங்கள் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், அதிலும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய்கண்டிகை என்று குடிநீர் தரும் ஏரிகள் ஐந்தும் தளும்பினாலும் 11.757 டி.எம்.சி.தான். பருவமழை ஒரு வருடம் ஏமாற்றினால் அடுத்த கோடையில் மூச்சு முட்டும். அதற்காகத்தான் வீராணம் ஏரித் தண்ணீர், ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். நெம்மேலியில் 2024இல் நாளுக்கு 15 கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலையும் திறந்துவிட்டார்கள். இனிமேல் பஞ்சமே வராது என்று சத்தியம் செய்யவில்லை, உடனே சண்டைக்கு வர வேண்டாம். 2024 மார்ச்சில் பெங்களூரு லாரிக்குக் காத்து நின்றதை மறந்துவிட்டு எங்களை மட்டும் கிண்டல் செய்யாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் ஐ.டி. வேலை, ஓ.எம்.ஆர். பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சென்னையில் தண்ணீர் ஊருக்கு ஊர் அல்ல, தெருவுக்குத் தெரு மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணல் தரை. மழை இறங்கினால் கிணறு உடனே ஏறும், அளவுக்கு மேல் உறிஞ்சினால் உப்பும் ஏறும். அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர், கொளத்தூர் களிமண். மேலே தேங்குமே தவிர சுலபத்தில் உள்ளே இறங்காது. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம், பெருங்குடி பாறை. அங்கே பக்கத்து வீட்டு போரில் தண்ணீர் வருகிறது என்பதற்காக உங்கள் போரிலும் வரும் என்று எண்ணக் கூடாது. பாறையில் வெடிப்பு எங்கே ஓடுகிறதோ அங்கேதான் தண்ணீர்.

வீடு பார்க்கும்போது ஹாலையும் மாடுலர் கிச்சனையும் அப்புறம் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது, மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரிய இணைப்பு இருக்கிறதா, சம்ப் என்கிற தரைக்கடித் தொட்டி எத்தனை லிட்டர், போன மே மாதம் எத்தனை லாரி வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. நான்கு பேர் வீட்டுக்கு 540, எட்டு வீடு என்றால் 4,320. சம்ப் 12,000 லிட்டர் பிடித்தால் இரண்டே முக்கால் நாள் தாங்கும். சம்ப் 8,000 என்றால் அதைவிட மோசம். 12,000 லிட்டர் லாரி வந்து நின்றால் மீதி 4,000 லிட்டரை எங்கே இறக்குவது? காசு முழு லோடுக்கு.

அடுத்தது பக்கெட். வெள்ளை பக்கெட்டில் போர் தண்ணீரைப் பிடித்து ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது மஞ்சளாகிச் செம்பழுப்பாக அடியில் படிந்தால் இரும்புச் சத்து. வெள்ளைச் சட்டையெல்லாம் மூன்று மாதத்தில் டீ நிறத்துக்கு வந்துவிடும். ஷவர் துளையைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி பொருக்கு இருந்தால் கடின நீர். கீசர் காயில் சீக்கிரம் போகும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 500க்குள் காட்டினால் நல்லது, 2,000ஐத் தாண்டினால் வேறு வீடு பாருங்கள். இந்த மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

பிறகு மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பைப்பைக் கண்ணாலேயே தொடர்ந்து போய்ப் பாருங்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதும் பெரும்பாலான கட்டடங்களில் அதற்கென்று தொட்டி வந்துவிட்டது. அதில் எத்தனை வேலை செய்கிறது என்பது வேறு கதை. பைப் தெருவை நோக்கித் திரும்பினால் தொட்டி வெறும் அனுமதிக்குக் கட்டியது. மூடியைத் தூக்கிப் பாருங்கள், வடிகட்டப் போட்ட மேல் மணல் வேப்பிலைச் சருகோடு கெட்டித்துப் போயிருந்தால் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடும். செப்டம்பரில் அந்த மணலை எடுத்து அலசிப் போட்டாலே போதும், யாரும் செய்வதில்லை. களிமண் பகுதியில் இரண்டடிக் குழி மட்டும் வெட்டினால் அது கொசுத்தொட்டி. குழிக்குள் பத்துப் பதினைந்து அடிக்குத் துளை போட்டுக் கூழாங்கல் நிரப்பியிருக்க வேண்டும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் வருடத்துக்கு 1,30,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சத்துக்கு மேல் நிற்கும், நான்கு பேர் வீட்டுக்கு ஆறு மாதத் தண்ணீர். மாடிக்கு ஒரு வீடாக மூன்று மாடிக் கட்டடம் என்றால் மூன்றால் வகுங்கள், அப்போதும் இரண்டு மாதம் வரும்.

வெள்ளத்துக்கு ஈ.பி. மீட்டர் பெட்டியைப் பாருங்கள். தெருவில் எல்லோரும் அதை நெஞ்சு உயரத்துக்கு மேல் ஏற்றி வைத்திருந்தால் காரணம் இல்லாமல் இருக்காது. சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வாசல்படி ரோட்டுக்குக் கீழே போன வீடுகளும் நிறைய. தரைத்தளம் சல்லிசாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

அட்வான்ஸ் என்று பத்து மாத வாடகை கேட்பார்கள். 2017 வாடகைச் சட்டத்தில் மூன்று மாதம்தான். ஆனால் இருவரும் ஒத்துக்கொண்டு வேறு மாதிரி எழுதினால் செல்லும் என்று அதிலேயே ஒரு சந்து வைத்துவிட்டார்கள். வெளியூர்க்காரர்களை உரிப்பது ஆட்டோக்காரர்கள் என்கிறீர்களே, இதையும் கணக்கில் சேருங்கள். ஆட்டோவுக்கு 2013இல் அரசு வைத்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. பத்து வருடத்துக்கு மேல் அது நகரவே இல்லை. மீட்டர் போடாதது தப்புதான், அந்த விலைக்கு நீங்களும் ஓட்ட மாட்டீர்கள்.

வெயிலைப் பற்றி. மே மாதத்தில் வேலூர் எங்களைவிடச் சுடும். இங்கே நண்பகல் வாக்கில் கடற்காற்று வந்துவிடும், அடையாறுக்கு முதலில், பூந்தமல்லிக்குக் கடைசியில். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில்தான் அது நுழைய முடியாமல் தாமதமாகும், அன்றைக்குத்தான் கொதிக்கும். 2003 மே 31 அன்று 45 டிகிரி போனதும் உண்டு. கிழக்கிலும் தெற்கிலும் ஜன்னல் உள்ள வீடாகப் பாருங்கள். எங்கள் தொல்லை சூடு அல்ல, காயாத வியர்வை. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர் கூலர் ஏற்கெனவே ஈரமான காற்றில் என்ன செய்யும்? ரூமை இட்லிப் பானை ஆக்கும். கையில் கூலர் இருந்தால் அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.