மைக் இல்லாத மேடையில் டிராம்போன் மியூட்: கேள்வி பதில்

ராயபுரம்: மாஸ்டர், எங்கள் பிக் பேண்டு (பெரிய ஜாஸ் குழு) சர்ச் ஹாலில் மைக் இல்லாமல் வாசித்தது. டிராம்போனின் பெல்லில் (விரிந்த வாயில்) கப் மியூட் என்ற ஒலியடக்கியைப் போட்டு எட்டு பார் (தாளச் சுற்று) தனியாக சோலோ ஊதினேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்கே கேட்கவில்லையாம்.

கேட்டிருக்காது தம்பி. கப் மியூட் ஒலியின் கூர்மையை எடுத்துவிடும். மேலே ஃபேன், ஜன்னலுக்கு வெளியே லாரி, பக்கத்தில் டிரம்ஸ் என்று இருந்தால் மிச்சம் என்ன தேறும்? ஆனால் மியூட்டைக் குறை சொல்வதற்கு முன் நீ இருக்கும் இடத்தைப் பார். பிக் பேண்டில் டிராம்போன் வரிசை வழக்கமாக சாக்ஸபோன்காரர்களுக்குப் பின்னால். உட்கார்ந்தபடி ஊதினால் சோலோ முழுக்க அவர்கள் முதுகில்தான் விழும். எழுந்து நில், நோட்ஸ் ஸ்டாண்டை இறக்கு, பெல் அவர்கள் தலைக்கு மேலே வரட்டும். முன்னால் வந்து நிற்க இடமிருந்தால் இன்னும் நல்லது. டிரம்மரைக் குச்சியை வைத்துவிட்டு மெல்லிய ஒலி தரும் கம்பி பிரஷ் எடுக்கச் சொல். பின்பாட்டு ஊதும் சாக்ஸ்காரர்கள் அந்த எட்டு பாருக்கு அடக்கி வாசிக்கட்டும். இவ்வளவுக்கும் பிறகு கேட்காவிட்டால் மியூட்டை மாற்று.

வியாசர்பாடி: ஹார்மன் மியூட் வாங்கலாமா அண்ணே?

மைக் இல்லாத மேடைக்கு வேண்டாம். அதில் கார்க் முழு வளையமாக இருக்கும், காற்று மொத்தமும் மியூட்டுக்குள் புகுந்துதான் வெளியே வரும். மைக்கை ஒட்டி வைத்தால் அழகு, இல்லாவிட்டால் ஊதுகிறவனுக்கு மட்டும் கச்சேரி. ஸ்ட்ரெயிட் மியூட்டே வாங்கு. அதில் மூன்று கார்க் பட்டைகள், நடுவே இடைவெளி. ஒலி மெலிந்தாலும் கடைசி வரிசை வரை துளைத்துக்கொண்டு போகும்.

பெரம்பூர்: பிளஞ்சர் மியூட் என்பது நிஜமாகவே கக்கூஸ் அடைப்பு எடுப்பதுதானா சார்?

அதேதான்மா. புதுசாக வாங்கு, அது மட்டும் முக்கியம்! பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடையில் சுமார் 6 அங்குல ரப்பர் கிண்ணமாகப் பார்த்து வாங்கிக் கட்டையைக் கழற்றிவிடு. மைக் இல்லாத சோலோவுக்கு என் ஓட்டு இதற்குத்தான். மூடினால் அடங்கும், திறந்தால் முழு ஒலி, நடுவில் 'வா-வா' என்று பேசும். 1926இல் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்த டிராம்போன்காரர் டிரிக்கி சாம் நான்டன் இதில் மன்னன். டிராம்போன் பெல்லுக்குள் சின்ன டிரம்பெட் மியூட்டைச் செருகி, அதன்மேல் பிளஞ்சர் பிடிப்பார். மனிதக் குரலே வரும்.

ஒரு சங்கடம் உண்டு. கிண்ணத்தைப் பிடிக்க இடது கை பெல்லுக்குப் போய்விடும். கருவியின் பாரம் இடது தோளிலும் ஸ்லைடு (ஸ்வரம் மாற்ற முன்பின் இழுக்கும் குழாய்) பிடித்த வலது கையிலும் இறங்கும். அதனால் ஸ்லைடு அதிகம் ஓடாத மெட்டாக எடு. முழுக்க மூடி வைத்துக்கொண்டே வாசிக்காதே, ஹாலில் பாதி ஸ்வரம் தொலைந்துவிடும்.

காசிமேடு: மியூட் நழுவி விழுகிறது. சுருதியும் ஏறுகிறது.

பெல்லுக்குள் வாயால் ஒருமுறை ஆவி விட்டு, மியூட்டைச் செருகி லேசாகத் திருகு. பிடித்துக்கொள்ளும். சுருதி ஏறினால் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே தள்ளி வாசி. டிரம்பெட்காரனுக்கு இது இவ்வளவு சுலபமில்லை. கார்க் ரொம்பத் தேய்ந்து மியூட் ஆழமாக இறங்கினாலும் சுருதி ஏறும், புதுக் கார்க் ஒட்டிவிடு.