புரோபயாட்டிக் வாங்கும் முன் சர்க்கரை மாத்திரையைப் பாருங்கள்

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். எனக்கு வயது 51, சில வருடங்களாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். நான்கு மாதத்துக்கு முன்பு டாப்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையையும் சேர்த்தார்கள். அப்புறம் பல் பிடுங்கியதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து பிறப்புறுப்பில் அரிப்பும், திரிந்த பால் போல வெள்ளைப்படுதலும் மூன்று தடவை வந்துவிட்டது. வயிறும் உப்பிக்கொண்டே இருக்கிறது. உறவுக்காரப் பெண் ஒருத்தி டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பிப் பார்க்கச் சொன்னாள். நூல் நூலாக இறங்கியது. "குடலில் ஈஸ்ட் பெருகிவிட்டது, சோற்றை நிறுத்து, மூன்று மாதம் நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாட்டிக் கேப்சூல் சாப்பிடு" என்கிறாள். எங்கள் அப்பத்தா காலத்து நீராகாரமும் மோரும் போதாதா? கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கும் அந்தக் கேப்சூலைக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த டம்ளர் சோதனையை மறந்துவிடுங்கள். எச்சிலில் மியூசின் என்ற கொழகொழப்பான புரதம் எல்லோருக்கும் உண்டு. காலையில் வாய் காய்ந்திருக்கும்போது எச்சில் கெட்டியாக இருக்கும், தண்ணீரில் விட்டால் நூலாகத்தான் இறங்கும். அதை வைத்து எந்த நோயையும் கண்டுபிடிக்க முடியாது. இதைக் காட்டிப் பயமுறுத்தி ஆயிரக்கணக்கில் மாத்திரை விற்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஈஸ்ட் என்று அவர் சொல்வது கேண்டிடா என்ற பூஞ்சை. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் கொஞ்சம் இருக்கும். லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியா பக்கத்திலேயே இருப்பதால் அது அடங்கிக் கிடக்கும். ஆன்டிபயாட்டிக் அந்தப் பாக்டீரியாவை அழித்துவிடும், ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. பல் வைத்தியத்துக்கு அப்புறம் உங்களுக்கு அரிப்பு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகும் திரும்பத் திரும்ப வருகிறதே, அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். என் சந்தேகம் டாப்பாகிளிஃப்ளோசின் மேல்தான். இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான் அந்த மாத்திரையின் வேலை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 70 கிராம் வரை அப்படிப் போகும். அந்த இடத்தில் எப்போதும் இனிப்பு ஈரம் இருந்தால் கேண்டிடாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதே வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசினுக்கும் இதே கதைதான். பெண்களுக்கு இந்த மாத்திரைகளால் பூஞ்சைத் தொற்று வருவது நன்கு தெரிந்த பக்கவிளைவு. எழுதிக் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், அவசரத்தில் பலர் சொல்வதில்லை.

அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மாத்திரை அது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் "மூன்று தடவை வந்துவிட்டது" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். தொடர்வதா மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். கூடவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் (HbA1c) பார்த்துவிடுங்கள். அது 8, 9 சதவீதம் என்று நின்றால் எந்தக் கேப்சூலும் உதவாது. ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். சோப்பும் கிருமிநாசினியும் உள்ளே வேண்டாம். தயிர், பூண்டு வைக்கச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம்.

இன்னொன்று, இது கேண்டிடாதானா என்பதையே உறுதி செய்யவில்லை. தங்களுக்குப் பூஞ்சைத் தொற்று என்று தாங்களே முடிவு செய்து மருந்து வாங்க வந்த பெண்களை அமெரிக்காவில் சோதித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குத்தான் அது மட்டும் இருந்தது. மற்றவர்களில் பலருக்குப் பாக்டீரியாத் தொற்று, அதற்கு மருந்தே வேறு. காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ, சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மகளிர் பிரிவில் காட்டுங்கள். பஞ்சுக் குச்சியில் வெள்ளைப்படுதலைக் கொஞ்சம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். திரும்பத் திரும்ப வருவதால், கிருமியை வளர்த்து எந்த வகை என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையும் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களிடம் கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற வகையும் வரும், வழக்கமான பூஞ்சை மாத்திரையான ஃப்ளூக்கனசோலுக்கு அது சரியாக மசியாது.

ஃப்ளூக்கனசோல் என்றதும் ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் கேட்டால் 150 மில்லிகிராம் மாத்திரையைச் சீட்டில்லாமலே எடுத்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. நீங்கள் கிளிமிபிரைடு சாப்பிடுகிறீர்கள். ஃப்ளூக்கனசோல் அதை உடம்பில் தேங்க வைக்கும், சர்க்கரை தடாலென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று வந்தால் தனியாக இருக்கும் வீட்டில் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. மூன்று மருந்து கலந்த ஸ்டீராய்டு களிம்பைக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். நாலு நாள் அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்த்துவிடும்.

இப்போது புரோபயாட்டிக். ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வரும் வயிற்றுப்போக்கைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி, சாக்கரோமைசிஸ் பவுலார்டி இரண்டும் அதில் பெயர் பெற்றவை. பெண்ணுறுப்புப் பூஞ்சைக்கு நிலைமை அப்படி இல்லை. மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் கொஞ்ச நாளைக்குப் பலன் கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆதாரம் வலுவாக இல்லை. மருந்துக்குப் பதிலாக அது நிற்காது. பவுலார்டியே ஒரு ஈஸ்ட்தான்! 1920களில் ஆன்றி பவுலார் என்ற பிரெஞ்சுக்காரர் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தது. பூஞ்சை மாத்திரை போடும் நாட்களில் அதையும் விழுங்கினால் மாத்திரை அதைக் கொன்றுவிடும், காசுதான் வீண்.

அடுத்த முறை ஆன்டிபயாட்டிக் எடுக்க நேர்ந்தால், மருத்துவர் சம்மதத்தோடு பாக்டீரியா வகை புரோபயாட்டிக்கை இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். அட்டையில் எந்த வகை நுண்ணுயிர் என்று முழுப் பெயர் இருக்கிறதா, காலாவதி தேதிவரை எத்தனை கோடி உயிரோடு இருக்கும் என்று போட்டிருக்கிறதா, பாருங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய கேப்சூலைச் சித்திரை வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்தால் பாதி செத்துப்போயிருக்கும்.

அப்பத்தா மோர் விஷயத்தில் நான் அப்பத்தா பக்கம்தான். வீட்டுத் தயிரில் உயிருள்ள பாக்டீரியா ஏராளம். எந்த வகை, எவ்வளவு என்று கணக்கில்லாததால் அதை மருந்தாகச் சொல்ல முடியாது, சாப்பாடாகத் தாராளமாகச் சொல்லலாம். கொதிக்கும் சோற்றில் ஊற்றாதீர்கள், ஆறட்டும். மோர்க்குழம்பில் அது உயிரோடு இருக்காது. இட்லி மாவைப் புளிக்கவைத்த பாக்டீரியாவும் ஆவியில் போய்விடும்.

நீராகாரம் நல்லது. சோறு வடித்து ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். மதியச் சோற்றை ராத்திரி வரை அடுப்படியில் விட்டு, அப்புறம் தண்ணீர் ஊற்றினால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து வாந்தி வரும். சோறும் சோறுதான், சர்க்கரை ஏறும். ஒரு கைப்பிடிச் சோறும் நிறைய தண்ணீரும் மோரும் சின்ன வெங்காயமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தில் இருக்கும் இனுலின் என்ற நார் குடல் பாக்டீரியாவுக்கு இரை. வெண்டைக்காய் மண்டி, வாழைத்தண்டு, பயறு எல்லாம் அதே காரணத்துக்காக நல்லவை. சோற்றை அடியோடு நிறுத்தும் 'கேண்டிடா டயட்'டுக்கு ஆதாரம் இல்லை. விசேஷ வீட்டு இலையில் வரும் கவுனி அரிசி இனிப்பையும் பால் பணியாரத்தையும் குறைத்தால் போதும்.

வயிறு உப்புவதற்குப் பெரும்பாலும் மெட்ஃபார்மின் காரணமாக இருக்கும். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், சாப்பாட்டோடு போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு புரோபயாட்டிக்கை நான்கு வாரம் சாப்பிட்டுப் பார்க்கலாம், மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். எடை குறைவது, மலத்தில் இரத்தம் என்று ஏதாவது இருந்தால் நான்கு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும்போது, அதிலும் பெரிய இரத்தக்குழாயில் ஊசிக் குழாய் பொருத்தியிருந்தால், இந்த உயிருள்ள கிருமிகளே இரத்தத்தில் புகுந்து தொற்றாகிவிடக்கூடும். பவுலார்டியால் அப்படி நடந்திருக்கிறது. வீட்டுத் தயிர், நீராகாரத்தைக்கூட அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள். வாயில் வெள்ளையாகப் படிந்து விழுங்க வலித்தால், அடுத்த கீமோ தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.