கீழ் அடுக்கு மிட்ஃபீல்டரின் பிழைப்பு: கேள்வி பதில்

இங்கிலாந்தில் பிரீமியர் லீகுக்குக் கீழே மூன்று அடுக்குகள்: சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. ஒவ்வொன்றிலும் 24 கிளப்கள், கிளப்புக்கு 46 லீக் ஆட்டங்கள். அதற்கும் கீழே நேஷனல் லீக். இந்த முறை லீக் ஒன்னிலும் அதற்குக் கீழேயும் ஆடும் மிட்ஃபீல்டர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். மெஸ்ஸியா ரொனால்டோவா என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது.

ம.செ., திருச்சி: அகாடமியில் வளர்ந்த பையனை 18 வயதில் கழற்றிவிட்டால் அவ்வளவுதானா?

இல்லை. 16 வயதில் இரண்டு வருட ஸ்காலர் (பயிற்சி வீரர்) ஒப்பந்தம், அது முடிந்ததும் தொழில்முறை ஒப்பந்தம் அல்லது வாசல். பெரும்பாலோருக்கு வாசல்தான். எபெரெச்சி எஸேயை எடுத்துக்கொள்ளுங்கள். அர்செனல், ஃபுல்ஹாம், ரெடிங், மில்வால் என்று நான்கு இடத்திலும் வேண்டாம் என்றார்கள். 2016இல் லண்டன் கிளப்பான கியூபிஆர் (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) எடுத்தது. 2017-18இல் லீக் டூவில் இருந்த விக்கம் கிளப்புக்கு லோனில், அதாவது தற்காலிகக் கடனாக, போனார். அங்கே பெரியவர்களோடு மோதி ஆடிய அந்த அரை சீசனுக்குப் பிறகுதான் கியூபிஆர் முதல் அணியில் இடம் கிடைத்தது.

ஸ்ட்ரைக்கருக்குக் கோல் கணக்கு இருக்கிறது, கீப்பருக்குக் கிளீன் ஷீட் (கோல் விடாத ஆட்டம்) இருக்கிறது. மிட்ஃபீல்டருக்கு? ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கைதான் சொத்து. 20 வயதில் பெரிய கிளப்பின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் அழகாகப் பாஸ் கொடுப்பவனைவிட, நேஷனல் லீகில் சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் 35 ஆட்டம் ஆடியவனைத்தான் லீக் டூ மேனேஜர் கூப்பிடுவார். எந்த அடுக்கு என்பதைவிட, வாராவாரம் ஆடினானா என்பதே கேள்வி.

ஈ.த., ஈஸ்ட் ஹாம், லண்டன்: மாணவர் விசாவில் இருக்கிறேன். உள்ளூர் கிளப் ஒன்று ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் தருகிறேன் என்கிறது. ஆடலாமா?

ஆடாதீர்கள். மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ வேலை செய்யக் கூடாது. அரைத் தொழில்முறை மட்டமும் இந்தத் தடைக்குள் வரும். முக்கியமாக, பணம் வாங்காமல் அந்த மட்டத்தில் ஆடினாலும் விதி பொருந்தும். "கையில் பணம் தரவில்லை, பெட்ரோல் காசு மட்டும்தான்" என்பது எடுபடாது. பல்கலைக்கழக அணி, ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு லீக் போன்றவற்றில் ஆடலாம். கிளப் செயலாளர் "ஒன்றும் ஆகாது தம்பி" என்றால், ஆவது உங்கள் விசாவுக்குத்தான், அவருக்கு இல்லை.

ச.கு., யாழ்ப்பாணம்: அண்ணை, எங்கட பெடியள் ஆராவது அங்க விளையாடுகினமோ?

விமல் யோகநாதன். வேல்ஸில் பிறந்தவர், ஈழத் தமிழ்க் குடும்பம், மிட்ஃபீல்டர். பார்ன்ஸ்லி லீக் ஒன்னில் இருந்தபோது, 2024 ஆகஸ்டில் லீக் கோப்பையில் விகனுக்கு எதிராக முதல் அணியில் அறிமுகமானார். வேல்ஸ் இளையோர் அணிகளிலும் ஆடியவர்.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும்: இலங்கைக்கு ஆடுவாரா? இளையோர் அணியோடு நின்ற எந்த வீரரானாலும் ஃபிஃபா விதி இதுதான். ஒரு நாட்டின் இளையோர் அணிக்காக அதிகாரப்பூர்வப் போட்டியில் முதன்முறை இறங்கிய நாளிலேயே, மாறிப்போக விரும்பும் நாட்டின் குடியுரிமையும் கையில் இருந்திருந்தால் மாறலாம். அன்று இல்லாமல் பிறகு வாங்கியிருந்தால், பழைய நாட்டுக்குக் கடைசியாக ஆடியபோது 21 வயது ஆகியிருக்கக் கூடாது, புது நாட்டோடு பெற்றோர் வழி போன்ற தொடர்பும் வேண்டும். அப்பா, அம்மா ஊர் என்பது மட்டும் போதாது. விஷயம் பாஸ்போர்ட்டிலும் தேதியிலும் இருக்கிறது.

வெ.ரா., கோவை: இந்தியாவிலிருந்து லீக் டூ கிளப்புக்கு ட்ரயல் போக என்ன வழி?

பார்வையாளர் விசாவில் ட்ரயலில் பங்கேற்கலாம், டிக்கெட் வாங்கிய கூட்டம் முன் ஆடக் கூடாது. கிளப் எடுக்க விரும்பினால் இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு 15 புள்ளிகள் தேவை. தேசிய அணியின் தரவரிசை, ஆடிய லீகின் தரம், ஆடிய நிமிடங்கள் என்று கணக்கு. புள்ளி போதாதவர்களுக்காக 2023 முதல் லீக் ஒன், லீக் டூ கிளப்புகளுக்கு அதிகபட்சம் இரண்டு இடங்கள் உண்டு. அந்த இரண்டையும் யாரும் பார்த்திராத ஒருவருக்காகச் செலவழிக்க மாட்டார்கள். முதலில் இந்தியாவில் ஐஎஸ்எல், அதற்கு அடுத்த அடுக்கு லீக் ஆட்டங்கள்.

ட்ரயலுக்குப் பணம் கேட்பவன் ஏமாற்றுக்காரன். கிளப்கள் ட்ரயலுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஏஜென்ட்டுக்கு ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பி.ஜோ., நாகர்கோவில்: லீக் டூவில் பந்து தலைக்கு மேலேயே பறக்கிறது. மிட்ஃபீல்டருக்கு அங்கே என்ன வேலை?

நல்ல கேள்வி. பந்து தலைக்கு மேல் பறப்பதால்தான் வேலை. கீப்பர் நீளமாக அடிக்கிறார், ஸ்ட்ரைக்கரும் எதிரணியின் சென்டர் பேக்கும் (நடுத் தடுப்பாளர்) எகிறுகிறார்கள். அந்த முதல் பந்து மிட்ஃபீல்டருடையது இல்லை. விழும் இரண்டாவது பந்து, அதாவது செகண்ட் பால், அவருடையது. சென்டர் பேக் ஓடிவந்து தலையால் முட்டினால் பந்து வெகுதூரம் திரும்பி வரும். இருவரும் நின்ற இடத்தில் மோதினால் காலடியிலேயே விழும். எகிறும்போதே இதைப் படிக்க வேண்டும்.

இரண்டு மிட்ஃபீல்டரில் ஒருவர் ஸ்ட்ரைக்கரை ஒட்டி, ஒருவர் பின்னால். உடம்பு பாதி திரும்பிய நிலையில். நேரம் இருந்தால் முதல் தொடுதலிலேயே நெரிசலை விட்டு வெளியே, இல்லாவிட்டால் ஒரே தொடுதலில் பக்கவாட்டுக்கு. கெட்டுப்போவது எங்கே என்றால், இளம் வீரர்கள் இருவருமே பந்தைப் பார்த்து ஓடிவிடுவார்கள். பந்து இருவர் தலையையும் தாண்டி விழும், எதிரணியின் 10ஆம் எண், அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடுபவர், நேராக டிஃபென்ஸை நோக்கி ஓடுவார். பின்னாலிருந்து இழுத்தால் மஞ்சள் அட்டை.

அட்டைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அணியின் முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் 5 மஞ்சள் என்றால் ஓர் ஆட்டத் தடை. 37க்குள் 10 என்றால் இரண்டு. 15 ஆனால் மூன்று.

ந.அ., சேலம்: நானும் இங்கிலாந்தில் ட்ரயல்...

கோவைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

க.இ., கோலாலம்பூர்: ஒரு வருடம் ஒப்பந்தம், அதோடு ஒரு வருட 'ஆப்ஷன்' என்கிறார்களே, அது வீரருக்கு நல்லதா?

ஆப்ஷன் யார் கையில் என்று பாருங்கள். பெரும்பாலும் கிளப் கையில். நன்றாக ஆடினால் பழைய சம்பளத்திலேயே பிடித்து வைப்பார்கள், ஆடாவிட்டால் ஜூன் 30இல் வாசல். மே மாதம் வரும் தக்கவைப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வீட்டு வாடகையை முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

"25 ஆட்டம் தொடங்கினால் ஒப்பந்தம் தானாக நீளும்" என்ற பிரிவு இன்னும் ஆபத்து. 24இல் நிற்கும்போது திடீரென்று பெஞ்சில் உட்கார வைக்கப்படலாம். "தொடங்கினால்" என்பதை "களமிறங்கினால்" என்று மாற்றக் கேளுங்கள். கிளப் கீழ் அடுக்குக்குத் தரமிறங்கினால் சம்பளம் எவ்வளவு வெட்டப்படும் என்ற பிரிவையும் படியுங்கள். 24 வயதுக்குக் கீழே என்றால் இன்னொன்று: பழையதைவிடக் குறையாத புது ஒப்பந்தத்தைக் கிளப் நீட்டியிருந்தால், வீரர் ஒப்பந்தம் முடிந்து போனாலும் வாங்கும் கிளப் இழப்பீடு தர வேண்டும். "சும்மா வருகிறான்" என்று நினைத்து வந்த கிளப் அங்கேதான் பின்வாங்கும்.

தே.மு., மதுரை: அதிக லீக் ஆட்டம் ஆடிய மிட்ஃபீல்டர் யார்?

டோனி ஃபோர்ட். 1975இல் கிரிம்ஸ்பியில் தொடங்கி 2001இல் ராச்டேலில் முடித்தார். 931 லீக் ஆட்டங்கள், கீப்பர் அல்லாதவர்களில் சாதனை. ஒட்டுமொத்தத்தில் கீப்பர் பீட்டர் ஷில்டன், 1,005.

பி.ஜோ., நாகர்கோவில்: ஃபோர்ட் விங்கர் ஐயா! கடைசியில் ரைட் பேக். மிட்ஃபீல்டர் கணக்கில் எப்படிச் சேர்க்கிறீர்கள்?

4-4-2 (நான்கு டிஃபென்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர்) காலத்தில் வலது ஓரத்தில் ஆடியவர் பந்து இழந்ததும் ரைட் பேக்குக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அது மிட்ஃபீல்டர் வேலைதான்.

தே.மு., மதுரை: அப்படியானால் கிரஹாம் அலெக்ஸாண்டரும் மிட்ஃபீல்டரா?

பாதி. ரைட் பேக்காகப் பெயர் வாங்கியவர், பர்ன்லியில் டிஃபென்ஸுக்கு முன்னால் ஆடினார். 2009இல் 37 வயதில்தான் முதன்முறை பிரீமியர் லீகில் ஆடினார். மொத்தம் ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டியவர். வயது ஏற ஏற ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் நீண்ட ஓட்டம் குறையும், நிற்கும் இடத்தின் மதிப்பு கூடும். ஃபோர்ட் போனது எதிர்த்திசை.

பி.ஜோ., நாகர்கோவில்: விங்கர் விங்கர்தான்.

சரி, விங்கர். 931 ஆட்டம் ஆடிய விங்கர். அடுத்தவர்.

ஹ.ப., டொராண்டோ: பெரிய கிளப் பையனுக்கு லீக் டூ லோன் அவமானமா?

மான்செஸ்டர் யுனைடெட்டின் பெக்காம் 1995இல் நான்காம் அடுக்கில் இருந்த பிரஸ்டனுக்குப் போய் ஐந்து ஆட்டம் ஆடி இரண்டு கோல் அடித்தார். ஆஸ்டன் வில்லாவின் கிரீலிஷ் 2013-14இல் லீக் ஒன்னில் நாட்ஸ் கவுன்டியில். கேட்க வேண்டியது வேறு: அங்கே உன்னைக் கேட்டு வாங்கிய மேனேஜர் டிசம்பரிலும் வேலையில் இருப்பாரா, இல்லாவிட்டால் ஜனவரியில் திரும்ப அழைக்கும் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

அ.வி., வேலூர்: ட்ரயலுக்கு ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார்...

கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்தியாவின் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு இன்றே போன் செய்யுங்கள்.