தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருந்தும் ஈஸ்டர் அன்று மனதில் எந்த மாற்றமும் இல்லையே, ஏன்?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நாற்பது நாள் ஒரு வேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருந்தேன், ஒரு வெள்ளிகூட விடாமல் சிலுவைப்பாதைக்குப் போனேன், ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் எல்லாரும் அல்லேலூயா பாடும்போது நான் மட்டும் வெறுமையாக நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுதோறும் இதே சுற்றுதானே, இதில் என்ன புதுப்பித்தல் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாத ஏதோ ஒரு துக்கம் உங்களுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

என் அம்மா இறந்தது பாஸ்கா எண்கிழமையின், அதாவது ஈஸ்டர் தொடங்கி எட்டு நாள் கொண்டாட்டத்தின், புதன்கிழமை. ஈஸ்டர் முடிந்து மூன்றே நாள். வந்தவர்கள் எல்லாரும் "கொடுத்து வைத்தவங்க, ஈஸ்டர் வாரத்துல போயிருக்காங்க" என்றார்கள். அன்பில்தான் சொன்னார்கள், எனக்கும் தெரியும். ஆனால் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிர்ப்பின் காலம்மா இது, அழக்கூடாது" என்றார். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இறந்துபோன தம் நண்பர் இலாசரை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே, இலாசரின் கல்லறைக்குப் போன வழியில் ஆண்டவர் இயேசு அழுதார். அப்படியிருக்க, என் அழுகையை விசுவாசக் குறைவு என்று சொல்ல யாருக்கு உரிமை?

அடக்கப் பூசையில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தி எரிந்தது. சனிக்கிழமை இரவு திருவிழிப்பில் ஏற்றிய அதே திரி. சிலுவை அடையாளம், அதில் ஐந்து சாம்பிராணி மணிகள், தொடக்கமும் முடிவும் ஆண்டவரே என்பதற்கு மேலே அகரம், கீழே னகரம், நான்கு மூலையிலும் அந்த ஆண்டின் நான்கு எண்கள். திரி புதிது என்பதால் கொஞ்சம்தான் உருகியிருந்தது. அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூசையில் என்ன பாடினார்கள், சாமியார் என்ன பேசினார் என்று எதுவும் நினைவில் இல்லை.

அடுத்த ஞாயிறு கோவிலுக்குப் போனேன். அல்லேலூயா பாட வாய் வரவில்லை. அன்றைய நற்செய்தி யோவான் 20. ஞாயிறு வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுழற்சியில் எந்த ஆண்டானாலும் பாஸ்கா இரண்டாம் ஞாயிறுக்கு இதே பகுதிதான், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடர் தோமாவின் பகுதி. எத்தனையோ முறை கேட்டதுதான். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. உயிர்த்த அன்று மாலை சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆண்டவரைக் கண்ணால் பார்க்கிறார்கள். எட்டு நாள் கழித்துப் பார்த்தால், கதவு மறுபடியும் பூட்டித்தான் இருக்கிறது!

அப்புறம் அம்மா இறந்த புதன்கிழமைக்கு உரிய நற்செய்தியை எடுத்துப் பார்த்தேன். எம்மாவு என்ற ஊருக்குப் போகும் சீடர்களின் கதை. எருசலேமிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் வழியில், முகம் வாடிப்போய் நடக்கும் இருவர். கல்லறை ஏற்கெனவே காலியாகிவிட்டது. பெண்கள் வந்து சொல்லியும் ஆயிற்று. இருந்தும் அவர்கள் "எதிர்பார்த்திருந்தோமே" என்றுதான் பேசுகிறார்கள், உயிர்த்து, அடையாளம் தெரியாமல் கூடவே நடந்து வருகிற ஆண்டவரிடமே. ஆண்டிலேயே மிக ஒளியான அந்த வாரத்தில் வாசிக்கத் திருச்சபை தேர்ந்தெடுத்திருப்பது இவர்களுடைய கதையைத்தான். ஈஸ்டர் இன்னும் எட்டாதவர்களுக்கும் அந்தக் காலத்துக்குள் இடம் இருக்கிறது.

அதே சுற்று என்கிறீர்களே, அது அப்படியே திரும்பி வருவதில்லை. ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறும் வரலாம். அதனால் அம்மாவின் நினைவு எனக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது: தேதிப்படி ஒரு நாள், பாஸ்கா புதனாக ஒரு நாள். அடுத்த ஆண்டு அந்தத் தேதி தவக்காலத்தில் விழுந்தது. ஊதா உடை, அல்லேலூயா இல்லை, பீடத்தில் பூ இல்லை. சென்ற ஆண்டு எல்லாரும் வெள்ளையில் பாடிக்கொண்டிருந்தபோது நான் எங்கே நின்றேனோ, அங்கே இப்போது முழுக் கோவிலும் வந்து என்னோடு நின்றதுபோல் இருந்தது. அதற்குச் சில வாரம் முன்புதான் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லியிருந்தார்கள். ஓராண்டாக யாரும் என்னிடம் மூடாமல் சொல்லாத உண்மை அது. எனக்குள் ஏதாவது புதுப்பிக்கப்பட்டது என்றால் இந்த இரண்டு நாள்களில்தான். அந்த ஆண்டு திருவிழிப்பில், கையில் திரியோடு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்தபோது என் குரல் எனக்கே கேட்டது.

"தவக்காலம் பைபிளில் எங்கே இருக்கிறது?" என்று கீழே கருத்துகளில் யாராவது கேட்பார்கள். இல்லைதான். திருவழிபாட்டு ஆண்டைக் கடைப்பிடித்தால்தான் மீட்பு என்று நானும் சொல்லவில்லை. ஒருவர் ஒரு நாளைச் சிறப்பாகக் கருதுகிறார், இன்னொருவர் எல்லா நாளையும் சமமாகக் கருதுகிறார், இருவரும் தத்தம் மனத்தில் உறுதியாக இருக்கட்டும் என்று பவுல் உரோமையர் 14இல் விட்டுவிட்டார். ஆண்டவரும் பாஸ்காவுக்கு எருசலேம் போனவர்தான். எனக்கு இந்தக் காலங்கள் தேவைப்படுகின்றன, அவ்வளவுதான்.

சொல்ல வந்தது வேறு என்றாலும், இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவிழிப்புக்கு உரிய வாசகங்கள் மொத்தம் ஒன்பது: பழைய ஏற்பாட்டில் ஏழு, புதிய ஏற்பாட்டில் இரண்டு. நேரமில்லை என்று பல இடங்களில் பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறைத்துவிடுகிறார்கள். இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்த வாசகத்தை விடவே கூடாது என்று விதி இருப்பதால் அது தப்பிக்கிறது. வெட்டுப்படக்கூடியவற்றில் ஒன்று எசேக்கியேல். கல்லான இதயத்தை எடுத்துவிட்டுப் புதிய இதயம் தருவேன் என்று கடவுள் சொல்லும் பகுதி அது. உங்களைப்போல் வெறுமையோடு வந்து நிற்கும் ஒருவர் அந்த இரவில் கேட்க வேண்டிய வாசகமே அதுதான்! அதை விட்டுவிட்டு, நற்கருணை கொடுத்து முடிந்ததும் கால் மணி நேரம் அறிவிப்பு வாசிக்கிறார்கள். இன்னொன்று, தவக்காலத்தின் நாற்பது நாளுக்குத் தியானம், சிலுவைப்பாதை, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) என்று அத்தனை ஏற்பாடு செய்கிறோம். ஐம்பது நாள் பாஸ்கா காலத்துக்கு என்ன செய்கிறோம்? திங்கட்கிழமை காலைப் பூசைக்கு வந்து பாருங்கள், கோவில் காலி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் ஞாயிறோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று கணக்கை மூடாதீர்கள். ஐம்பதாம் நாளான தூய ஆவியார் பெருவிழா வரை பாஸ்கா காலம்தான். முடிந்தால் வாரநாள் பூசைக்குப் போங்கள், முடியாவிட்டால் லூக்கா 24, யோவான் 20, 21 மூன்றையும் வீட்டில் மெதுவாக வாசியுங்கள். கடைசி அதிகாரத்தில், உயிர்த்தவரைப் பார்த்த பிறகும் பேதுரு மீன்பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறார், பாருங்கள். பாட வராவிட்டால் பாட வேண்டாம், மற்றவர்கள் பாடும்போது கூட நில்லுங்கள். துக்கம் இருந்தால் ஒப்புரவிலோ, நம்பிக்கையான ஒருவரிடமோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த தவக்காலத்துக்கு ஒருசந்தியை விடவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.